வேனுக்குள் கேட்ட கெட்டிமேளம்

கல்யாணத்தை எடுத்து நடத்திக் கொடுப்பது ஒரு தொழில் என்று நான் சொன்னபோது அம்மா சிரித்தாள். கல்யாணத்தைச் சொந்தக்காரர்கள் செய்வார்கள், அதற்கு எதற்கு வெளியாள் என்பது அவள் கேள்வி. எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர்ப் பக்கம் யாரிடம் சொல்லியிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். பந்தலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், மேளத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேசிவிட்டு, மாமனும் மச்சானும் சித்தப்பனும் ஓடியாடிச் செய்வதுதான் கல்யாணம். மொத்தத்தையும் ஓர் ஆளிடம் ஒப்படைக்கிறான் என்றால் அவனுக்கு நாலு மனிதர் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் நாலு மனிதர் இல்லாதவர்கள் பெருகிக்கொண்டுதான் இருந்தார்கள். நெய்வேலியிலும் திருச்சியிலும் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள், பங்காளிகளோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனவர்கள், பம்பாயில் பிள்ளையை விட்டுவிட்டு ஊரில் தனியாக இருக்கிறவர்கள். அவர்களை நம்பித்தான் அண்ணன் கடை வைத்திருந்தார்.

அண்ணன் என்று நான் சொல்வது எனக்கு வேலை கொடுத்தவரை. உறவு கிடையாது. என்னைவிடப் பத்து வயது போல மூத்தவர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக் செட்டும் மடக்கு நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தல், சமையல், மணவறை என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். பயந்த சுபாவம். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் முதல் நாள் அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சட்டைப்பையில் ஓமப் பொட்டலம் வைத்திருப்பார். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிய பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடும்.

நான் ரஞ்சன்குடிப் பக்கத்துக் காலனிக்காரன். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் காட்டில் கூலி வேலை. அரசாங்க விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறி, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். எங்கள் காலனியில் நடந்த ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கொண்டுவந்த அண்ணன், நான் கூட்டத்தைச் சமாளித்துப் பந்தியில் உட்காரவைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, வேலை வெட்டி இல்லையென்றால் கடைக்கு வா என்றார். அவர் எங்கள் ஆள் இல்லை. நான் யார் என்பது அந்த முதல் நாளிலேயே அவருக்குத் தெரியும்.

பயிற்சி என்று உட்காரவைத்து எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் போவார். போகிற வழியில் கல்யாணத்தை முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார். கெட்டிமேளத்துக்கு முன்னால் என்ன, தாலித் தட்டு எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கிவர வேண்டும்; அதற்கு முன்னால் என்ன, பெண் கூரைப்புடவை கட்டிவர வேண்டும்; அதற்கு முன்னால் யார் கையில் அந்தப் புடவை இருக்க வேண்டும். காற்று வாயில் அறைய நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வருவேன். எங்காவது விட்டுவிட்டால் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். அதுதான் திட்டு.

கூட்டத்தைப் பஸ்ஸை வைத்துக் கணிக்க வேண்டும் என்பது அவரிடம் கற்றுக்கொண்டது. எந்தப் பஸ் எந்தத் திசையிலிருந்து எப்போது வரும் என்று தெரிந்தால் எப்போது உலையில் அரிசி போட வேண்டும் என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, பாத்துடலாம்ங்க என்று சொல்ல வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். ரோஜா மாலை கேட்டுச் சம்பங்கி மாலை வந்தாலும், எட்டுப் பேர் மேளம் கேட்டு ஐந்து பேர் வந்தாலும், பாத்துடலாம்ங்க. சொல்லிவிட்டு ஓட வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எந்த ஊருன்னு கேட்டா தொறமங்கலம்னு சொல்லு. டவுனோட சேந்தது, யாரும் மேல கேக்க மாட்டாங்க. யார் வூட்டுப் புள்ளன்னு கேட்டா கடைப் பேரைச் சொல்லு."

சரிங்கண்ணே என்றேன். துறைமங்கலத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அடுத்த வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். யாராவது கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா. அப்போது அது எனக்கு அவமானமாகப் படவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். பன்னீர்ச் சொம்பை எந்தக் கையில் பிடிப்பது என்பதைப் போல.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றுமில்லாத பொட்டலில் காலையில் நாலு கம்பை ஊன்றி, மாலைக்குள் அங்கே விளக்கும் வாழைமரமும் கோலமும் ஜனமும் வந்துவிடுவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும். ஒரு வருஷத்துக்குள் அண்ணன் பல வேலைகளை என்னிடம் விட்டுவிட்டார். சமையல் மாஸ்டர் அரியலூர்க்காரர், வாய் திறந்து பேசாதவர், என்னைக் கூப்பிட்டு ரசத்தில் உப்புப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். 

அந்தக் கல்யாணம் வைகாசி மாதத்தில். அரியலூரைத் தாண்டி ஒரு கிராமம், பெயர் வேண்டாம். பெண்ணின் அப்பா நெய்வேலியில் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். நிலத் தகராறில் பங்காளிகளோடு பேச்சில்லை. ஆனாலும் மகள் கல்யாணத்தைச் சொந்த ஊரில்தான் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அதனால்தான் எங்களிடம் வந்தார். மெதுவாகப் பேசும் மனிதர். என்னை முதல் நாளிலிருந்தே தம்பி, வாங்க, உட்காருங்க என்றுதான் பேசினார். பந்தல் எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது, கார் எங்கே நிற்பது, பெண்கள் சாப்பிட எங்கே இடம் என்று ஒவ்வொன்றையும் என்னோடுதான் கலந்து பேசினார். அண்ணனுக்கு அப்போது வயிற்று வலி அதிகமாக இருந்ததால் இந்தக் கல்யாணத்தை முழுக்க நீயே பார் என்று சொல்லியிருந்தார். நான் தனியாகப் போட்ட முதல் திட்டம் அது.

பங்காளிகள் வருவார்களா மாட்டார்களா என்பதுதான் பெண்ணின் அப்பாவுக்கு இருந்த பெரிய கவலை. வந்துவிட்டார்கள். முகூர்த்தத்தன்று காலையில் வேட்டியும் துண்டுமாக வந்து பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரோடும் பேசவில்லை. எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பெண்ணின் அப்பா என் அருகில் கைகூப்பி நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது. அதில் என் வாத்தியார் இருந்தார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் விடுதிக்கும் அவர்தான் வார்டன். மாப்பிள்ளைக்கு ஏதோ தூரத்து உறவு என்று பிறகு தெரிந்தது.

அவரைப் பார்த்ததும் எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டார். இந்த ஏற்பாடெல்லாம் நீதான் செய்தாயா என்று கேட்டார். பந்தலை அண்ணாந்து பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

"இவன் யாருன்னு நெனச்சீங்க. நம்ம ஹாஸ்டல் புள்ளங்க. ரஞ்சங்குடி காலனியிலேருந்து வந்து படிச்சவன். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போயிப் படிக்க வெச்சாங்க. இன்னைக்கு எப்படி நிக்கிறான் பாருங்க."

அவர் குரல் எப்போதுமே பெரிய குரல். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

பெண்ணின் அப்பாவின் கூப்பிய கைகள் அப்படியே இருந்தன. மேஜைக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் சந்தனக் கிண்ணத்துக்கு நீட்டிய விரலை, ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டவர் போல மடக்கிக்கொண்டு உள்ளே போனார். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. வாத்தியாருக்கு மட்டும் இன்னும் ஒன்றும் புரியவில்லை. என் தோளில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

முகூர்த்தத்தன்று மட்டும் வந்திருந்த அண்ணன், கொஞ்ச நேரத்தில் பந்தலுக்குப் பின்பக்கம் கூப்பிடப்பட்டார். நான் போகக் கூடாது என்று தெரிந்தும் சமையல் கொட்டகையின் ஓரத்தில் போய் நின்றேன். பங்காளிகளில் மூத்தவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் கோபமே இல்லை. எல்லாம் தொட்டுச் செய்திருக்கிறான், நாங்கள் எப்படிக் கை நனைப்பது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை இல்லையா என்று நிதானமாகக் கேட்டார். இத்தனை வருஷம் காத்திருந்தது அவர் கைக்கு வந்துவிட்டது. அதற்கு நான் ஒரு சாக்கு. அவ்வளவுதான் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். "லைட்டும் சேரும் மட்டுந்தாங்க அவன் பாத்தான். சமையக்கட்டுப் பக்கமே வரலைங்க."

விடியற்காலையில் நான் ரசத்தில் உப்புப் பார்த்திருந்தேன். சமையல் மாஸ்டர் அங்கேதான் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. குனிந்து சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார். கிண்ட வேண்டிய நேரம் அது இல்லை.

பிறகு பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். எதிரே நின்று பேசச் சிரமப்பட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணும் கெடையாது. நெய்வேலியில நாங்கள்லாம் ஒண்ணாத்தான் ஒக்காந்து சாப்புடுறோம். ஆனா இது ஊரு. எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறணும் தம்பி."

  கத்தலாம், கேட்கலாம், போலீசுக்குப் போகலாம் என்றெல்லாம் இன்றைக்கு என் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த மனிதரின் முகத்துக்கு எதிரே நின்றபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் வந்தது. நீங்க போங்க சார், முகூர்த்தத்துக்கு நேரமாவுது என்றேன். அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்ற எங்கள் வேனில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம்தான் என்றார். கதவைச் சாத்தும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

வேனுக்குள் ஜமுக்காளம், உபரி ட்யூப் லைட்டுகள், மூன்றாவது பந்திக்கு என்று தனியாக எடுத்துவைத்த இலைக்கட்டு, இவற்றுக்கு நடுவில் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புழுதி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மைக் செட்டின் ஒரு குழாயை அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தோம். எல்லாம் கேட்டது.

மாப்பிள்ளை மணவறைக்கு வருவதற்கான நாதஸ்வரம் கேட்டது. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். இப்போது தாய்மாமனுக்கு மரியாதை. இப்போது பெண்ணை அழைத்துவரச் சொல்வார்கள். சொன்னார்கள். பெண் கூரைப்புடவையை வாங்கிக்கொண்டு கட்டிவர உள்ளே போகிறாள். அந்த இடைவெளியில் கூட்டம் சலித்துப்போகாமல் இருக்க மேளக்காரர்களிடம் ஒரு நீண்ட உருப்படி வாசிக்கச் சொல்லியிருந்தேன். வாசித்தார்கள். மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தியது, உடனே நின்றது. நான் யாரிடம் எதைச் சொல்லிவைத்திருந்தேனோ அவர் அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்.

எங்காவது ஒன்று தவறிப்போனால் என்னைத் தேடுவார்கள் என்று மனசின் ஒரு மூலை எதிர்பார்த்தது. கூரைப்புடவையை எங்கே வைத்தான், அரிசித் தட்டு எங்கே, கூப்பிடு அவனை என்று யாராவது வர மாட்டார்களா. யாரும் வரவில்லை. ஒன்றும் தவறவில்லை. நான் இல்லாமலேயே நடக்கிற மாதிரிதான் அதை நான் திட்டம் போட்டிருந்தேன். அதுதான் நல்ல திட்டம் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். ஐயர் கெட்டிமேளம், கெட்டிமேளம் என்றார். மேளம் இடிபோல விழுந்தது. வேனின் தகரம் அதிர்ந்தது. நான் ட்யூப் லைட்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், உருண்டு உடைந்துவிடக் கூடாது என்று.

தாலி கட்டியாகிவிட்டது. பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எதற்கு வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பந்தி தொடங்கிய பிறகு இலைக்கட்டின் நினைவு வந்தது. இரண்டாவது பந்தி முடிந்தால் இலை வேண்டும். இலை என் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. பரிமாறுகிறவர்கள் இலை இலை என்று கத்துவது கேட்டது. அண்ணனுக்கு அது வேனில் இருப்பது தெரியாது. நான் கதவைத் திறந்து இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தேன். பந்தல் ஓரத்தில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நின்றுவிட்டேன். பிறகு கட்டைத் தரையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, திரும்பி வந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து, தண்ணீர் தெளித்து, எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் எனக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கைகளும் கால்களும் தாமாகவே செய்தன. என் அப்பா அப்படித்தான் நிற்பார்.

வாத்தியார் வேன் அருகே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவருக்குள் ஏதோ கழன்றுவிட்டது போல இருந்தார். பங்காளிகளிடம் பேசிப் பார்த்திருக்கிறார். சார், நீங்க மாப்பிள்ளை வூட்டு விருந்தாளி, சும்மா இருங்க என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. மாப்பிள்ளை வீடு எழுந்து போய்விட்டால் யார் பொறுப்பு என்று அவருக்கும் பயம்.

"பெருமையா நெனச்சுத்தான்டா சொன்னேன்" என்றார்.

தெரியுங்க சார் என்றேன். அவர் கண் கலங்கியது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்த வீட்டில் நான் சாப்பிட மாட்டேன், அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்றார். நான் பதறிப்போனேன்.

"சாப்புடாமப் போவாதீங்க சார். மாப்பிள்ளை வூட்டு ஆளு ஒருத்தர் சாப்புடாமப் போனா பொண்ணு வூட்டுக்காரருக்குக் கொறை. அதுக்கும் ஒரு பேச்சு வரும். போயி ஒக்காருங்க சார்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பந்தலுக்குப் போனார். சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எனக்கு அண்ணனே இலை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்து வேனுக்குள் வைத்தார். பசி. சாப்பிட்டேன். வேண்டாம் என்று தள்ளியிருந்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் விடியற்காலையிலிருந்து ஒரு டீ மட்டும்தான் குடித்திருந்தேன். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் பந்தல்காரனைப் பற்றிப் பேசினார், டீசலைப் பற்றிப் பேசினார், அடுத்த முகூர்த்தத்தைப் பற்றிப் பேசினார். குன்னம் தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, இனிமே நீ கடையில இரு என்றார். திட்டமெல்லாம் நீயே போடு, கிராமத்துக்கு நான் போய்க்கொள்கிறேன். உனக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது. நான் சரிங்கண்ணே என்றேன். அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கவும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அடிக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். சரி, கையக் கழுவிட்டு வா என்றாள். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேல் நான் பார்க்காத கல்யாணங்களுக்குத் திட்டம் போட்டேன். எந்த ஊர், எந்தத் தெரு, பஸ் எங்கே நிற்கும், கிணறு எந்தப் பக்கம் என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு மனசுக்குள்ளேயே பந்தல் போடுவேன். மேளக்காரர்களுக்குச் சொல்லியனுப்புவேன், பூவுக்கு ஆளைத் திருச்சிக்கு அனுப்புவேன், வேனில் சாமான் ஏற்றி வழியனுப்புவேன். அவர்கள் போன பிறகு கடை காலியாக இருக்கும். தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருக்கும். இப்போது மாப்பிள்ளையை அழைத்திருப்பார்கள், இப்போது முதல் பந்தி என்று நினைத்துக்கொண்டே நாற்காலிகளின் துருவைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மறுநாள் அண்ணன் வந்ததும் மணவறை எப்படி இருந்தது என்று கேட்பேன். இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு என்பார். அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. அல்லது சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும்.

ஒருநாள், கடையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். அரியலூர் என்றேன். மைக் செட் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள், தயங்காதே என்றார். அதைப் பிறகு பல தடவை கொடுத்தும் இருக்கிறார்.

அரியலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். எங்கள் ஜனத்தில் வேலைக்குப் போனவர்கள் அப்போது அங்கே சேரத் தொடங்கியிருந்தார்கள். ரயில்வேயில், சிமென்ட் ஆலையில், பள்ளிக்கூடங்களில். அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தைச் சீராகச் செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தது. மணவறை வேண்டும், நாதஸ்வரம் வேண்டும், மேஜை போட்டுச் சாப்பாடு வேண்டும். எங்கள் ஜனத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன மேளக்காரர்களும் உண்டு. அதையும் கணக்கில் வைத்து இன்னொரு செட்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலைதான்.

நான் தனியாக எடுத்த முதல் பெரிய கல்யாணம் ஆண்டிமடத்துப் பக்கம். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். கலகலப்பான பையன். கோட்டுத் தைத்து வைத்திருந்தான். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று கேட்டான், விருத்தாசலத்திலிருந்து வரவழைத்தேன். கார் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் போய், கோயில் தெரு வழியாகச் சுற்றி, காலனிக்கு வர வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தத் தெரு வழியாகத்தான் சின்ன வயசில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.

நான் ஊருக்குள் போய்ப் பேசினேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றே பேசினார்கள். தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஆனால் இளவட்டப் பயல்கள் சும்மா இருக்க மாட்டார்கள், கல்யாண நேரத்தில் எதற்கு, நீங்களே யோசனை பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். பந்தோபஸ்து கேட்டதற்கு, முதல் நாள் வந்து கேட்டால் ஆளுக்கு எங்கே போவது என்றார்கள். நான் பத்து நாளாக அலைந்துகொண்டிருந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் கார் வந்து நின்றது. சீரியல் பல்பு போட்டு, ஜெனரேட்டர் வண்டி பின்னால் நிற்க, மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாகப் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் கிட்டே போனேன்.

"எந்த வழிங்க?" என்றான்.

நான் காலனி வழி என்றேன்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பேசிப் பாத்தீங்களா என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். அவன் அப்பா கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மகனைப் பார்க்கவில்லை. வேண்டாம்ப்பா, நல்ல காரியம் என்று மட்டும் முணுமுணுத்தார். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்பது போல. பணம் வாங்கிக்கொண்டு வந்த ஆள் நான். எல்லாவற்றையும் சரியாக நடத்திக் கொடுப்பேன் என்று ஒப்புக்கொண்டவன்.

"மூணு தெருதானேங்க இருக்கு" என்றான் மாப்பிள்ளை.

மூன்று தெருதான். மேளக்காரர்கள் ஒரு உருப்படியை எடுத்து முடிப்பதற்குள் ஊர்வலம் முடிந்துவிடும். அதனால் இரண்டாம் தடவை சுற்றச் சொன்னேன். தெரு குறுகல். காருக்கு முன்னால் ஓடி ஓடிக் கொடிக்கயிறுகளை அவிழ்த்தேன், கட்டிலை நகர்த்தச் சொன்னேன், ஆட்டை அவிழ்த்து உள்ளே கட்டினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். இரண்டாம் சுற்றிலும் எடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது, இன்னொரு தடவை வாங்க என்று ஒரு கிழவி சொன்னாள். மாப்பிள்ளை எல்லோருக்கும் கும்பிடு போட்டான். மூன்றாம் சுற்றில் கார் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியபோது, விளக்கு வெளிச்சம் ஓடி ஊர்த் தெருவின் முதல் சில வீடுகள் வரை போய் விழுந்தது. அங்கே சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் வலது பக்கம் கையைக் காட்டினேன். கார் காலனிக்குள் திரும்பியது.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள், இலை போதுமானதாக இருந்தது, மேளக்காரர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் ஒரு குறையும் இல்லை தம்பி என்றார். நான் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆமாங்க என்றேன்.